செத்தால் திறக்கும் போன்

கள்ளக்குறிச்சியில் செல்போன் வாங்க வருகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கீழே போட்டால் உடையுமா. வடக்கனந்தல் வியாகுலம் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"தம்பி, நான் செத்தப்புறம் இது தொறக்குமா?"

கடையில் நின்ற சந்தோஷுக்கு எது கேட்டாலும் ஆமாங்கண்ணா என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். "ஆமாங்கண்ணா, ஒரு வருசம் வாரண்டி இருக்குது" என்று சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி அவன் காதுக்குள் போனது. நிமிர்ந்து பார்த்தான். கேட்டவர் யாரென்று தெரிந்ததும் கல்லாவில் இருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

வியாகுலத்தைக் கண்டால் இந்தப் பக்கத்தில் எல்லோருமே எழுந்து நிற்பார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிறவர். சாவு விழுந்த வீட்டுக்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடம்பு தாங்குவதற்காகக் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி வருமே, அது. கரண்டு இல்லாத ஊர்களுக்கு ஜெனரேட்டரும் சேர்த்துத் தருவார். முன்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வேலையில் இருந்தார். அரவை இல்லாத மாதங்களில் அடுப்பும் இல்லை என்ற நிலையில், அரவை நிற்காத தொழில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது இது.

அவருடைய எண் வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாருடைய போனிலும் இருக்கிறது. 'ஐஸ்' என்று பதிந்துவைத்திருப்பார்கள். அவராக யாரையும் கூப்பிடுவதில்லை. திரையில் அந்தப் பெயரோடு மணி அடித்தால் எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பதால், தவறுதலாக விரல் பட்டுவிட்டால்கூட மறுநாள் நேரில் போய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது அல்லவா. தொழில் பழக்கத்தில் மளிகைக் கடை, முடிதிருத்தகம், மாதா கோயில் எங்கிருந்தும் சொல்லாமல்தான் எழுந்து போவார். அவர் அப்படிப் போவதே நல்லது என்று அங்கிருக்கிறவர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். அவர் மனைவி மார்கரெட் மாரடைப்பில் போனபோது, அவரது சொந்தப் பெட்டியிலேயேதான் படுக்க வைத்தார்கள். மார்கரெட்டின் போனில் முகப்பூட்டு இருந்தது. பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. மகள் நான்சி, அம்மாவின் படமும் குரலும் உள்ளே இருக்கிறதே என்று, போனைக் கண்ணாடிக்கு மேல் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், அம்மா ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். திறக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் வியாகுலம் இதைப் பார்த்திருக்கிறார். மாலை போடுகிறார்களோ இல்லையோ, போனைக் காட்டிப் பார்க்காத வீடு இப்போது இல்லை. ஆனால் தன் மகள் அப்படி நின்றதை அவரால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் மார்கரெட்டின் போனைச் சார்ஜில் போட்டே வைத்திருந்தார். தினமும் வேலை முடிந்ததும் தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். இன்றைக்கு எந்த ஊர், யார் போனது, என்ன சாப்பாடு போட்டார்கள். இவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. முக்கால்வாசி நான்சியைப் பற்றிய குறைகள். உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகளைப் பற்றி அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் அவளுடைய அம்மாவிடம் சொல்லிவைத்தார்.

நான்சி இதைக் கேட்க வேண்டும், ஆனால் இப்போது கேட்கக் கூடாது. இதுதான் அவருடைய சிக்கல். தன் போனின் பூட்டு எண்ணை மகளிடம் சொல்லிவைத்தால், எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடுவாள். சொல்லாமல் போனால், மறுபடியும் ஒரு பெட்டியின் மேல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது, செத்த பிறகு மகளுக்குத் திறக்க வேண்டும். அப்படி ஒரு போன் வேண்டும். பழைய போனின் பேட்டரி வேறு உப்பிக்கொண்டு வந்தது.

கடையில் அவர் வசதிக்கு ஏற்றவை இரண்டு இருந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். கம்பெனிப் பெயர் சொன்னால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். நீலத்தில் படம் தெளிவாக விழும். கறுப்பில் சார்ஜ் ஜாஸ்தி நிற்கும். சந்தோஷ் இரண்டிலும் வியாகுலத்தின் முகத்தைப் பதிந்து, இரண்டும் பட்டென்று திறப்பதைக் காட்டினான். செத்த முகத்துக்கு எது திறக்கும் என்பது அட்டைப் பெட்டியில் போடவில்லை. ரெண்டையும் கொண்டுபோய்ப் பார்த்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க என்று முதலாளியே சொன்னார். வியாகுலம் சீக்கிரம் கடையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டு நாள் கழித்துக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வேலை வந்தது. அடக்கம் முடிந்து, காலிப் பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் போல இறங்கினார்கள். ஓட்டுவது இளமாறன். பல வருஷமாக அவரோடு பிணத்துக்குக் கைபிடித்த ஆள், பயம் தெளிந்தவன். பாதி மலையில் மேகம் இறங்கியது. எதிரே ரோடு இல்லை, வளைவு இல்லை, பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். பட்டப்பகலில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வியாகுலத்துக்கு அந்த நேரம்தான் வாய்ப்பாகத் தோன்றியது. பின்னால் ஏறிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, போனை எடுத்துக்கினு வாடா என்றார்.

முதலில் சும்மா கண்ணை மூடிக்கொண்டார். இளமாறன் இரண்டு போனையும் காட்டினான். இரண்டிலும் பூட்டுப் படம் இப்படியும் அப்படியும் ஆடியது, மாட்டேன் என்பதுபோல.

"நான் நடிக்கிறது அதுக்குத் தெரியுதுடா" என்றார் வியாகுலம்.

செத்த முகம் தூங்குகிற முகம் இல்லை என்பது அவர் தொழிலில் முதல் பாடம். எனவே முறைப்படியே செய்யச் சொன்னார். தாடையைச் சேர்த்துத் துணியால் நாடிக்கட்டு கட்டியாயிற்று. கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்தாயிற்று. ஜெனரேட்டரைப் போட்டுக் குளிரை ஏற்றிக் கண்ணாடியை மூடினான் இளமாறன். ணா, இது நல்லால்ல ணா என்று அவன் சொன்னது ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்பது தெரியாது. அவர் மூக்குக்கு நேரே கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து மறைந்து விழுந்தது. வெளியே படிந்த பனியைச் சட்டையால் துடைத்துவிட்டு நீலத்தைக் காட்டினான். மாட்டேன் என்றது. மறுபடி காட்டினான். மாட்டேன் என்றது.

கறுப்பைக் காட்டினான். திறந்தது.

இளமாறன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் தட்டினான். உள்ளே இருந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினான். அப்போதுதான் பார்த்தான், மூக்குக்கு நேரே கண்ணாடி துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. திட்டு விழவில்லை. மூடியைத் தூக்கி, நாடிக்கட்டை அவிழ்த்து, கன்னத்தில் அறைந்தான். எத்தனையோ கன்னங்களைத் தொட்ட கை அது, அந்தச் சில்லிப்பு அதற்குப் பழக்கமானதுதான். தோளைப் பிடித்து உலுக்கியதில் வியாகுலம் கண்ணைத் திறந்தார்.

"இன்னாடா, தொறந்துச்சா?"

"தொறந்துச்சு ணா."

"எது?"

"கறுப்பு."

சரி என்று எழுந்து கால்கட்டை அவிழ்த்துக்கொண்டார். மேகம் விலகி வண்டி கச்சிராயபாளையம் தாண்டியது. அப்புறம் இளமாறன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ணா, நீ மூச்சு உட்டுக்கினுதான இருந்த?"

வியாகுலம் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "கவனிக்கலடா" என்றார்.

வீட்டுக்கு வந்து கறுப்புப் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். திறக்கவில்லை. முகம் கழுவிவிட்டுப் பிடித்தார், வெயிலில் நின்று பிடித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பிடித்தார். எண்ணைப் போட்டால் திறந்தது, முகத்தைக் காட்டினால் இல்லை. நீலம் சாதாரணமாகத் திறந்துகொண்டிருந்தது. கடைக்குப் போனபோது சந்தோஷ், ரெண்டு நிமிச வேலைங்கண்ணா, முகத்தை அழிச்சிட்டு மறுபடி பதிஞ்சிடலாம் என்று கை நீட்டினான். வியாகுலம் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எதையும் தொடாதே, இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உயிரோடு இருக்கும்வரை எண், போன பிறகு முகம். அவர் கேட்ட போனை இந்த உலகத்தில் வேறு யாராலும் செய்து தந்திருக்க முடியாது. கேமரா மட்டமான போனை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போன மனிதரை அந்தக் கடை அதுவரை பார்த்ததில்லை.

பழைய போனில் இருந்ததெல்லாம் புதியதற்கு மாறியது. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. விடுமுறைக்கு வந்த நான்சி, அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது யாருடைய முகவரியையோ பார்க்க வேண்டும் என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்திருக்கிறாள். "ஒங்க போனுக்கு ஒங்களையே தெரியலபா" என்று எழுப்பிக் கேலி செய்தாள். அவருக்கு அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி அவளுக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள். வடக்கனந்தல் டீக்கடையில் நின்றுகொண்டு, அழைப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனை எடுத்தார். எண்ணைப் போட விரலைக் கொண்டுபோவதற்குள் திறந்துகொண்டது.

அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திறந்தது. திருப்பி, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இளமாறன் முகத்துக்குக் காட்டினார். மாட்டேன் என்றது. தன் பக்கம் திருப்பினார். திறந்தது. சிரித்துப் பார்த்தார், திறந்தது. டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார், அதற்கும் திறந்தது.

"போனு கெட்டுப்போச்சு ணா" என்றான் இளமாறன். அவசரமாகச் சொன்னான்.

வியாகுலம் திரையில் தெரிந்த தன் முகத்தை, இத்தனை வருஷம் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்த கண்ணால் ஒரு முறை பார்த்தார். "போனு நல்லாதான்டா இருக்குது" என்றார்.

உடம்புக்கு ஏதாவதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றுமில்லை. பசித்தது, நடந்தார், வழக்கம்போல உறங்கினார். ஆனால் போன் பேச்சு மாறவில்லை. சந்தோஷிடம் கொண்டுபோகலாம் என்று இளமாறன் இழுத்துப் பார்த்தான். அது வேண்டாத வேலை என்று அவர் முடித்துக்கொண்டார். உயிரோடு இருந்தால் திறக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. திறந்துவிட்டது. இனிமேல் நான்சியைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.

நான்சி வேலை முடிந்து அறைக்கு வந்த நேரம். வாங்கபா என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள், காபி போடப் போனவளை உட்காரச் சொன்னார். போனைத் தன் முகத்துக்கு நேரே ஒரு முறை பிடித்து, திறந்ததும் அவள் கையில் கொடுத்தார். "ஒங்கம்மாவுக்குப் பேசி வச்சிருக்கறேன். கேளு."

அவள் முதலாவதைத் தொட்டாள். அறைக்குள் அவருடைய குரல் கேட்டது. இன்னிக்கு நான்சி வந்தா மார்கரெட்டு, கொழம்புல உப்பு கம்மி, நான் சொல்லல, சொன்னா மூஞ்ச தூக்கி வச்சிக்குவா. நான்சி சிரித்தாள். அடுத்ததைத் தொட்டாள். அப்புறம் அடுத்தது. சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கினாள். அன்றைக்கு மட்டும்தான் உப்பு கம்மி என்று சொல்ல வாயெடுத்தார் வியாகுலம். அவள் நிமிரவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டார்.

குரல் கேட்டுப் பக்கத்து அறை கோகிலவாணி வாசலில் வந்து நின்றாள். அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்.

"யாரு பேசறது நான்சி?"

"எங்கப்பா" என்றாள் நான்சி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோகிலவாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் யாரும் இல்லாததுபோல அதைத் தாண்டிப் போய்க் கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்து, தோளைச் சுற்றிக் கைபோட்டு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அடுத்ததைக் கேட்டார்கள். எதிரே வியாகுலம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.