அரபிக்கடலுக்கு மேல் வட்டம்

மகள் போன விமானம் திரும்பியபோது நான் வேலையில் இருந்தேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களோடு வானொலியில் பேசி, எங்கே நங்கூரம் போட வேண்டும், எப்போது உள்ளே வரலாம் என்று சொல்லும் அறை அது. அந்த அறைக்குள்ளேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. கணவர் மகளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வாடகைக் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

வளைகுடா நகரமொன்றில், மருத்துவமனை ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. புறப்படுவதற்கு முன் என் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். விமானம் எங்கே பறக்கிறது என்று அதில் பார்க்கலாம்.

"இதைப் பாத்துக்கொண்டிருங்கோ. எனக்குக் கோல் எடுக்காதேங்கோ, எடுத்தாலும் வேலை செய்யாது" என்றாள்.

காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம் இந்தியாவின் தென்முனையைக் கடந்து கடலுக்கு மேலே போனது. சீமெந்து ஏற்றி வந்த கப்பலொன்றுக்கு இடம் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். அதன் மூக்கு வந்த பக்கமே திரும்பியிருந்தது.

பக்கத்து மேசையில் என்னோடு வேலை செய்யும் தம்பி கிண்ணியா ஊர்க்காரர். எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை என்னத்தையோ மறந்திட்டுப் போயிருக்கும் அக்கா. பைலட்டிட்டச் சொல்லித் திருப்பியிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அவரும் திரையை இன்னொரு தடவை பார்த்தபின் சிரிக்கவில்லை.

விமானம் இந்தியக் கரையை நோக்கி வந்தது. வரைபடத்தில் கரையோரமாக ஒரு விமான நிலையத்தின் அடையாளம் இருந்தது. அங்கே இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அதைத் தாண்டிக் கடற்பக்கமாகப் போய் ஒரு வட்டம் போட்டது. பிறகு அதே இடத்தில் இன்னொரு வட்டம். பிறகும் ஒன்று.

எங்கள் அறையில் ஒரே இடத்தில் சுற்றும் கப்பலுக்கு நாங்கள் முதலில் நினைக்கும் அர்த்தம் ஒன்றுதான். கப்பலைத் திருப்பும் சுக்கான் இறுகிவிட்டது. கப்டன் எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்பல் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். உடனே இழுவைப் படகை அனுப்ப வேண்டும். வானத்துக்கு அனுப்ப எங்களிடம் இழுவைப் படகு இல்லை.

கணவருக்கு அழைத்தேன்.

"சுக்கான் இறுகிப் போச்சு" என்றேன்.

"எந்தக் கப்பல்?"

"பிள்ளையின்ர பிளேன். சுத்திக்கொண்டு நிக்குது."

"ஆர் சொன்னது?"

"நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் சாரதியிடம் காரை ஓரமாக நிறுத்தச் சொல்வது கேட்டது. ஒருவரும் எனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கண்டறிந்த ஒன்றைச் சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னேன்.

அந்த நேரம் வானொலியில் ஒரு கப்பல் கூப்பிட்டது. எழும்புங்கள், நான் பார்க்கிறேன் என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். ஆழம், காற்று, காத்திருக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனாம். குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை என்று பிறகு அவர்தான் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு கட்டத்தில் வட்டம் நின்றது. விமானம் நேர்கோட்டில், இன்னும் தள்ளியிருந்த ஒரு பெரிய நகரத்துக்குப் போனது. வேகம் காட்டும் இடத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்து பூச்சியத்தில் நின்றன. அது நல்ல பூச்சியமா கெட்ட பூச்சியமா என்று தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழைத்தாள்.

"அம்மா, இறங்கிட்டம்."

"எப்பிடி?"

"எப்பிடியெண்டா, பிளேனிலதான்." சிரித்தாள். பிறகு அழுதாள். "நீங்கள் ஏன் ஒண்டும் கதைக்கிறீங்களில்லை?"

"கப்பலொண்டு லைனில நிக்குது" என்றேன்.

நடந்ததை விமானி பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை நான் பிறகு தேடி வாசித்தேன். சக்கரத்தையும் பிரேக்கையும் இயக்குவதற்கு எண்ணெய் அழுத்தத் தொகுதிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்று பழுதாகிவிட்டது. மற்றவை வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றை நம்பித் தொடர்ந்து பறக்கலாம்தான். ஆனால் முன்னால் இருப்பது வெறும் கடல். இன்னொன்றும் நின்றுவிட்டால் இறங்க இடமில்லை. கொழும்புக்குத் திரும்புவதென்றால் அது இன்னும் தூரம். கிட்டத்தில் இருந்த விமான நிலையத்தில் ஓடுபாதை கட்டை. பிரேக் பலமாகப் பிடிக்காத விமானத்துக்கு நீளமான பாதையும் பக்கத்தில் தீயணைப்பு வண்டிகளும் வேண்டும். தாங்கி நிறைய எரிபொருளோடு இறங்கினால் பாரம் அதிகம். அதனால் சுற்றிச் சுற்றி எரிபொருளை எரித்திருக்கிறார்கள். அதற்கிடையில் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். சுக்கான் கையில் இருந்தபடியால்தான் அவர்களால் வட்டமடிக்க முடிந்தது.

இயந்திரம் பழுதான பெரிய கப்பல்கள் வழியிலுள்ள சின்னத் துறைகளையெல்லாம் விட்டுவிட்டு, ஆழம் தேடி எங்களிடம் வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அறையைச் சுற்றிப் பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கியும் இருக்கிறேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவள் இறங்கிய நகரத்து விடுதியிலிருந்து அழைத்தாள். வேறு விமானம் வந்திருக்கிறது. விரும்பியவர்கள் அதில் போகலாம், விரும்பாதவர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்களாம்.

"நீங்கள் வா எண்டு சொன்னா வாறன் அம்மா. வேலையைப் பற்றிப் பிறகு பாப்பம்."

கணவர் சமையலறை வாசலில் நின்றார். "நீரே சொல்லும். என்னால ஏலாது" என்றார்.

வா என்ற சொல் வாய்க்குள் இருந்தது. நாக்கை அசைத்தால் போதும்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

"பயம்தான். ஆனா இப்ப வந்தா நான் பிறகு ஏறமாட்டன். எனக்குத் தெரியும்."

"அப்ப ஏறு."

"நீங்கள் வா எண்டுதான் சொல்லுவீங்களெண்டு நினைச்சன்."

"சொன்னா வந்திருப்பியோ?"

"ஓம்."

"அதுதான் சொல்லேல்லை" என்றேன்.

விமானம் புறப்படும் நேரம் போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கத் தொடங்கினார். நான் பார்க்கவில்லை. அரிசி களைந்து உலையில் போட்டேன். மீன் இருந்தது, வெட்டினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. இடைக்கிடை அவர் "கடலுக்கு வந்திட்டுது", "நேராப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓம் என்றேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பியபோது, அவர் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். பதில் என்ன எழுத என்று கேட்டார். சரி என்று எழுதச் சொன்னேன். எனக்கு வேறு சொல் எதுவும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.