பிள்ளை மடுவத்து உத்திரம்

என் சிவப்புக் கலியாணச் சேலை பிள்ளை மடுவத்து உத்திரத்தில் தொங்கியது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பசறை டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. அம்மாவின் சேலையில் தொட்டில் கட்டினால்தான் பிள்ளை அழாது என்பது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவின் சட்டம். என் மகன் அப்படியும் அழுதான்.

மழையில் தகரம் ஒழுகிப் பிள்ளைகள் மேல் சொட்டுவது ஆயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தேர்தல் முடிந்து ரோட்டோரம் கிடந்த பெரிய பேனரைக் கொண்டுவந்து உத்திரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினார். தொட்டில் கயிற்றுக்கு மட்டும் ஓட்டை. பிள்ளைகள் கண் விழித்தால் மேலே ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரிப்பார். தோட்டத்துக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான் என்று கேலி பேசுவோம். அதுவும் வினையாகத்தான் முடிந்தது.

ஒரு பகல் பால் கொடுக்கப் போனபோது மகனின் நெற்றியில் செங்கல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. அதைத் தொட்டு முகர்ந்த ஆயம்மா, கத்தியை எடுத்துப் பேனரைக் கிழித்தார். உத்திரம் முழுக்கப் பஞ்சு பஞ்சாய் வெள்ளைப் பூஞ்சணம், நடுநடுவே அதே செங்கல் நிறத் தூள். கத்தி முனை ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் மரத்துக்குள் போனது.

“காத்தே போகாம கட்டிப்புட்டேன்டி. நாந்தான் இத அழுக வெச்சேன்” என்றார். அப்போதே எல்லாத் தொட்டிலையும் அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் காலை கங்காணி வந்து பார்த்தார். “பூஞ்சணத்தத் தொடச்சா வெளிய நல்லாத்தானே இருக்கு. பெயிண்ட் அடிச்சுக்கலாம், தொட்டில கட்டுங்க.” தொட்டில் இல்லையென்றால் நாங்கள் கொழுந்து மலைக்குப் போக முடியாது, வருகைக் கணக்கில் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஆயம்மா என் சேலையை அதே உத்திரத்தில் கட்டி, அம்மிக் குழவியை உள்ளே கிடத்தினார்.

“நீங்களே ஆட்டுங்க, கங்காணி.”

அவர் ஆட்டினார். உத்திரம் சத்தமே இல்லாமல் பிட்டுக்கொண்டது. தரையில் கிடந்தது குழவிக்கல்தான், ஆனால் என் கண்ணுக்கு என் மகன்தான் தெரிந்தான். உட்கார்ந்து அழுதேன்.

கோயில் பந்தலுக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை கங்காணியே தூக்கிவந்தார். “சாமி பொறுத்துக்கும்” என்றார். ஒழுகிய தகரத்தைப் பிறகு மாற்றினார்கள், கூரையடியில் காற்றுக்கு வழி விட்டார்கள். எங்களில் யாருக்கும் அன்றைய பேர் விழாமல் போகவில்லை.

மகன் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறான். போன வாரம் தங்கை மகளுக்கு மடுவத்தில் தொட்டில் கட்டினோம். தங்கைக்கும் கலியாணச் சேலை என்னுடைய சிவப்புச் சேலைதான். வேலையை விட்டுவிட்ட ஆயம்மா அதற்கென்றே வந்திருந்தார். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் முன்னால் குழவிக்கல்தான் தொட்டில் ஏறும். பெற்றவள்தான் ஆட்ட வேண்டும். தங்கை பலங்கொண்ட மட்டும் ஆட்டினாள். குழாய் அசையவில்லை. கல்லை இறக்கிவிட்டுப் பிள்ளையைக் கிடத்தினோம்.

பிள்ளை அழவில்லை.