ஃபுல் பேக்குக்குக் கொடுத்த கோல்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி அணிக்குப் பதினேழு வருடம் நான்தான் கோல்கீப்பர். திறமையைப் பார்த்து நிறுத்தவில்லை. உடம்பின் அகலத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். இருந்தும் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு வரை என்னை நல்ல கீப்பர் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எனக்கும், எனக்கு முன்னால் நின்ற ஃபுல் பேக்குக்கும்தான் தெரியும். பந்து என்னிடம் வந்தால்தானே நான் கோட்டை விட முடியும்?

அவர் கம்பெனி வேன் ஓட்டுபவர். வாரத்தில் ஆறு நாள் ஐ.டி.காரர்களை ஏற்றி இறக்குவார். ஏழாவது நாள் என் மானத்தைக் காப்பாற்றுவார். அத்தனை வருடத்தில் ஒரு கோல் போட்டதில்லை. ஆகவே ஒரு பரிசும் வாங்கியதில்லை. ஆண்டு விழாவில் கோல் போட்டவனுக்குக் குக்கர், சுவர்க் கடிகாரம், மைக்கில் புகழுரை. இவருக்கு, வந்தவர்கள் எல்லாருக்கும் கொடுக்கும் துண்டு. இதைப் பற்றி நான் கூட்டத்தில் பொங்கினால், சாருக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

ஒரு நாள் அவர் போனில் பனித்தரை ஹாக்கி ஒன்றைக் காட்டினார். செக் நாட்டு அணி ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த பேக் ஆடற ஆள பாரு அண்ணாத்த. வுயுந்து வுயுந்து தடுக்கறாரு. கேமரா அவராண்ட போவவே மாட்டேங்குது."

"பேரு என்ன?"

"எவன் சொன்னான்? கோல் போட்டவன் பேரத்தான் கத்திக்கினு கீறானுங்க."

போன மாதம் அவருடைய முழங்கால் கைவிட்டது. டாக்டர் போதும் என்றார். கடைசி ஆட்டத்துக்கு எங்கள் கேப்டன் ஒரு திட்டம் போட்டார். மனை விற்பவர், பேசி முடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

"எதிர் டீமாண்ட பேசிட்டேன் சார். அண்ணனை முன்னாடி அனுப்பறோம். அவங்க கீப்பர் ஒதுங்கிக்குவான். ஒரு கோலோட அனுப்பி வெப்போம்."

எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. "இத்தன வருஷம் தடுத்ததெல்லாம் ஆட்டமே இல்லையா? ஒரு பொய் கோல் போட்டாத்தான் அவர் ஆட்டக்காரரா?"

"நல்லது பண்ணச்சே குறுக்க பேசாதீங்க சார்."

"சரி, பின்னாடி யாரு நிக்கறது?"

"அதான் நீங்க கீறீங்களே."

இரண்டாவது பாதியில் அவரை முன்னே தள்ளினார்கள். போகும்போது இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கோல் வாங்கிக்கொள்வதாகத்தான் எதிர் அணி ஒப்புக்கொண்டிருந்தது. போட மாட்டோம் என்று அவர்கள் சொல்லவேயில்லை. நான்கு போட்டார்கள். என் அகலம் ஒன்றையும் தடுக்கவில்லை.

கடைசியில் அந்தப் பக்கத்துக் கீப்பர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். பந்து இவர் காலடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, வாசலில் படுத்திருக்கும் பூனையை நகர்த்துவதுபோல ஸ்டிக்கால் மெல்லத் தள்ளினார். கோல்.

மாலை, போட்டோ, குக்கர். கேப்டன் மைக்கைப் பிடித்து, "இத்தன வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அண்ணன் சாதிச்சாரு" என்றார். கூட்டம் கைதட்டியது. கால் கவசத்தைக்கூடக் கழற்றாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மாலையோடு நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எத்தினி வுட்ட?"

"நாலு."

"லெப்ட்ல வந்தானே ஒருத்தன், நானு இருந்தா வுட்டிருப்பனா?"

"மாட்டீங்க."

"மத்த மூணு?"

"அதுவும்தான்."

குக்கரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அத போயி மைக்ல சொல்லேன் அண்ணாத்த."

கவசத்தோடு என்னால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினேன். அதற்குள் மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிவிட்டிருந்தார். கூட்டம் பிரியாணிக்குப் போய்விட்டது.

அதனால் இங்கே சொல்கிறேன். அந்த நான்கையும் அவர் விட்டிருக்க மாட்டார்.