தோணியில் வந்தவர்

ஐம்பதுகளின் கடைசியில் என் அண்ணன் விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வேலையை உதறிவிட்டுக் கொழும்புக்குப் போனான். பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. கோட்டக்குப்பத்து வியாபாரி ஒருவர் வழி சொல்ல, வேதாரண்யம் பக்கம் போய்த் தோணி ஏறினான். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் இதை யாரும் மறைக்கவில்லை. "எங்க பெரியவன் தோணியில போயிருக்கான்" என்று அம்மா குழாயடியில் சொன்னபோது அதில் பெருமைதான் இருந்தது.

கடலையே பார்க்காத எங்களுக்குத் தோணி என்றால் பாய் விரித்து ஓடுகிற மரக்கப்பல், அவ்வளவுதான். கூரை ஓடும் மிளகாயும் ஏற்றிப் போகும். இடமிருந்தால் ஆளையும் ஏற்றும். கட்டுமரத்தில் போனான் என்றால் மீன்பிடிக்கப் போனான். தோணியில் போனான் என்றால் பிழைக்கப் போனான். அக்கரையில் அந்தப் பெயர் என்ன பாடு பட்டதென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? திருட்டுத்தனமாக ஆள் கொண்டுபோவதைக் கள்ளத்தோணி என்றார்கள். பிறகு அதில் வந்த மனுஷனையே கள்ளத்தோணி என்றார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்களைக்கூட அப்படித்தான் ஏசினார்களாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

அண்ணன் போனபின் வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எட்டாவது முடித்த கர்வம் எனக்கு நிறையவே உண்டு. கொழும்பில் அண்ணன் வேலை பார்த்த மளிகைக் கடையில் அவன் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். அவரும் திண்டிவனத்துக்காரர்தான், ஆனால் பாஸ்போர்ட்டோடு ஸ்டீமரில் போனவர். என் முதல் கடிதம் அவர் கைக்குப் போய், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற சங்கதிவரை கடையே படித்துவிட்டுத்தான் அண்ணனிடம் கொடுத்ததாம். "அடுத்த தபா அடையாளம் போட்டு எழுது" என்று அவன் பதில் போட்டான்.

விலாசத்தோடு அடையாளம் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாவு மிஷினுக்கு எதிர்வீடு, லாரி டிரைவர் மருமகன், இப்படி. ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே கடை. இருவரையும் பிரிக்க என்ன இருக்கிறதென்று யோசித்து, கவரின்மேல் அண்ணன் பெயருக்குக் கீழே முத்து முத்தாக எழுதினேன்: 'தோணியில் வந்தவர்.' என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தபாலில் போட்டேன்.

பிறகு ஐந்தாறு மாதம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா சோறு இறங்காமல் இளைத்துப்போனாள். மயிலத்து முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டாள். ஒருநாள் காலை அவனே வாசலில் வந்து நின்றான். முகாமில் அடைத்துவைத்திருந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டார்களாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் ஒரு துணிப்பைதான்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் கேட்டேன். "என் லெட்டர் வந்துதாண்ணா?"

"வந்துது. கட நெறய ஆளு. தபால்காரன் வாசல்ல நின்னுக்கினு, 'தோணியில வந்தவர் யாரு'ன்னு சத்தமா படிச்சான். மூணாம் நாளு போலீஸ் வந்துட்டாங்க."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். "அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றான்.

யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னான். அன்று சாயங்காலம் அவள் தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புள்ள பொழப்புல மண்ணப் போட்டவன் நல்லா இருப்பானா? எழுதின கை புழுத்துப் போவணும்." நான் விளக்கேற்றத் தீப்பெட்டியோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். குச்சியைக் கிழிக்காமல் வலக்கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். அண்ணன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து மிச்ச மண்ணைத் தட்டிவிட்டான்.

"வாணாம்மா," என்றான். "அந்தக் கைக்குச் சாபம் வுடாத."

அம்மா அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மறுநாள் சாயங்காலமும் மண் அள்ளினாள். அவள் சாகும்வரை நான் சொல்லவேயில்லை.