ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்

ராய்கான் தலைநகர் பிஷ்கெக்கின் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிக்கு வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை மாலையே மூன்று பெண்கள் அவளிடம் புகார் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் மாடிக் குழாய் ஒழுகுகிறது. குளியலறைத் தாழ்ப்பாள் விழவில்லை. ஒருத்தி சமைத்த பிறகு அடுப்பைக் கழுவுவதே இல்லை. முப்பத்தொன்பது வயது, தலையில் இறுகக் கட்டிய துணி, நடையில் ஒரு அதட்டல். புது வார்டன் என்றே நினைத்துவிட்டார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "ஸ்பேனர் இருந்தா ஒண்ணு கொண்டாங்கடி" என்றாள். கால் மணி நேரத்தில் குழாய் நின்றது.

"நீங்க கீழ் ரூம்ல இருப்பீங்களாக்கா?" என்று கேட்டாள் பெகிமாய் என்கிற ஒல்லிப் பெண்.

"இல்ல. இருநூத்திப் பன்னெண்டு."

"அது என் ரூமாச்சே!"

"அந்த ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்குன்னாங்க. நானும் உன்ன மாதிரி எம்.எஸ்சி. சேந்திருக்கேன்."

பெகிமாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அடுப்பு கழுவாதவ நான்தான்க்கா."

ராய்கானுக்கு நரின் என்ற மலையூரில், கால்நடை நோய்ப் பரிசோதனை நிலையத்தில், பதினான்கு வருட வேலை. சினை மாடுகளைக் கருக்கலைந்து கன்று வீசச் செய்யும் நோய் ஒன்று உண்டு. மனிதருக்கும் தொற்றும். மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரில் சாயச் சொட்டு விட்டு நாலு நிமிடம் அசைக்க வேண்டும். திரிந்தால் நோய், திரியாவிட்டால் நோயில்லை. ஒரு நாளைக்கு இருநூறு மாதிரி பார்ப்பாள், நின்றுகொண்டே. போன குளிர்காலத்தில் வந்த புதுத் தலைவர், முதுகலைப் பட்டம் இல்லாதவர்கள் இனி முடிவுத்தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்றுவிட்டார். அதுவரை அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் கையெழுத்துப் போட, அவள் தாளை நீட்ட வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாம் மாதம் பிஷ்கெக்குக்கு விண்ணப்பம் அனுப்பினாள். கணவன் குபாத்தும் பதினைந்து வயது மகளும் தாங்களே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வு வழிகாட்டியைப் பார்க்கப் போனாள். எல்நூராவுக்கு முப்பத்தொரு வயது இருந்தால் அதிகம்.

"உட்காருங்கக்கா."

"பரவால்ல மேடம், நிக்கிறேன்."

"நீங்க நின்னா நானும் எந்திரிக்கணும். மேடம்லாம் வேண்டாம், கெழவி ஆன மாதிரி இருக்கு." எல்நூரா ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினாள். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரே ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. இந்த நோயில உங்களுக்கு என்ன தெரியல? அதை மட்டும் எழுதுங்க."

ராய்கான் தாளோடு வெளியே வந்தாள். பதினான்கு வருடம் தெரிந்ததற்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறாள். தெரியாததைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நூலகத்தில் உட்கார்ந்தாள்; பத்து நிமிடத்தில் எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள், முழங்கால் தானாக ஆடியது, எதிரே இருந்த பெண் நிமிர்ந்து முறைத்தாள். அறைக்கு வந்து எழுதலாமென்று பார்த்தால் ஜன்னலில் தூசி. ஜன்னலைத் துடைத்தாள். பெகிமாயின் ஜன்னலையும் துடைத்தாள். சமையலறை அடுப்பையும் கழுவி வைத்தாள்.

புதன்கிழமை எப்படியோ ஒரு பக்கம் நிரம்பியது. எல்நூரா படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"இது ஆபீசுக்கு அனுப்புற அறிக்கைக்கா. இதுல உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சத எழுதாம எப்படி எழுதறது?"

"அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தேன்."

வியாழன் காலை வகுப்பில் ஓர் ஆங்கிலக் கட்டுரையைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்தார்கள். எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. பக்கங்கள் திரும்பிக்கொண்டே இருந்தன. ராய்கான் முதல் பத்தியிலேயே நின்றாள். யாரோ அவளிடம் கருத்துக் கேட்டபோது, "நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இடைவேளையில் குபாத்துக்குப் போன் செய்தாள். அவன் திட்டுவான், திட்டினால் ரோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவனோ, "ஒத்து வரலைன்னா வந்துடு ராய்கான். யாரு என்ன சொல்லப்போறா?" என்றான், அத்தனை அன்பாக. அதற்குமேல் அவளுக்கு அங்கே கால் தரிக்கவில்லை.

பையைத் தூக்கியபோது பெகிமாய் கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"சும்மா, கடைக்கு."

"படுக்கை விரிப்போடயா?"

ராய்கான் படியிறங்கினாள்.

மேற்குப் பேருந்து நிலையத்தில் ஏழு பேர் சேர்ந்தால் புறப்படும் வேன் ஒன்று நின்றது. அவள் ஏறி உட்கார்ந்ததும் ஆறு பேர் ஆயிற்று. ஓட்டுநர், "நரின்! நரின்! ஒரே ஒரு ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அட்பாஷி ஊர்க்காரி ஒருத்தி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், காகிதத்தில் சுற்றிய கறிச் சம்சாவைப் பிட்டு அவளிடம் நீட்டினாள்.

"என்ன வேலை பாக்குறம்மா?"

"நரின்ல, மாட்டு ரத்தம் பாக்குற லேப்ல."

அந்த அம்மாள் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். "ஓ! என் செவலை மாட்ட அறுக்கச் சொன்ன கூட்டமா நீங்க?" பிறகு சம்சாவை அவள் மடியில் வைத்துவிட்டே தொடர்ந்தாள். "போன வருஷம் ஏப்ரல்ல தடுப்பூசி போட்டீங்க. செப்டம்பர்ல ரத்தம் எடுத்தீங்க. நோயின்னு தாள் வந்துச்சு, மாடு போச்சு. இப்ப எங்கூரு டாக்டரு சொல்றாரு, ஊசி போட்டாலே ரத்தம் அப்படித்தான் திரியுமாம். அப்ப என் செவலைக்கு இருந்தது நோயா, ஊசியா? சொல்லு."

இந்தக் கேள்வி ராய்கானின் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது, பரிசோதனை நிலைய ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. 'விதிப்படிதான் செய்றோம், அடுத்தவங்க வாங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்போதும் அதுவே நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இங்கே நடுவில் ஜன்னல் இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் போக வேண்டும்.

"தெரியலக்கா."

"தெரியலையா? அப்புறம் இத்தன வருஷம் என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?"

ஏழாவது ஆள் வந்து ஏறினான். ஓட்டுநர் கதவைச் சாத்தப் போனான்.

"இருங்க. நான் எறங்கிக்கிறேன்."

"அம்மா, ரெண்டு மணி நேரமா கத்தி இப்பத்தான் ஒருத்தனப் புடிச்சேன்! வெளையாடுறீங்களா?"

"நான் கேட்டதுக்குக் கோச்சுக்கிட்டா எறங்குற?" என்றாள் அட்பாஷிக்காரி.

"கோவம் இல்லக்கா. நீங்க கேட்டத எழுதிக் குடுக்கணும்."

பின்னால் ஓட்டுநர் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

விடுதிச் சமையலறையில், ஜன்னல் திட்டில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதினாள். முக்கால் பக்கம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை எல்நூரா அதை இரண்டு முறை படித்தாள். "அக்கா, இதுக்கு உலகம் பூரா முட்டிமோதிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு வருஷத்துல ஆகிற காரியம் இல்ல."

ராய்கானின் முகம் வாடியது. "அப்ப வேற எழுதட்டுமா?"

"எதுக்கு? இதையே சின்னதாக்குவோம். ஒரே மேய்ச்சல் நிலம், அம்பது மாடு. ஊசி போட்ட பிறகு எத்தன மாசம் வரைக்கும் ரத்தம் திரியுது? அது போதும்."

"மந்தை அக்டோபர்ல மலையிலேர்ந்து எறங்கிடும். அதுக்கு முன்னாடி மேய்க்கிற ஆளுங்களப் பிடிக்கணும், ஊசி போட்ட தேதி வாங்கணும்..." ராய்கான் அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"உட்காருங்கக்கா. மொதல்ல இந்தப் பன்னெண்டு கட்டுரையப் படிக்கணும். எல்லாம் இங்கிலீஷ்."

சனிக்கிழமை முழுக்க அகராதியும் கையுமாக இருந்தாள். மணிக்கு இரண்டு பத்தி. நடுவில் எத்தனை முறை எழுந்தாள் என்று பெகிமாய் எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் விட்டுவிட்டாள். பிறகு பெகிமாயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத வரிகளை உரக்கப் படித்துச் சொன்னாள். சில வரிகள் அவளுக்கும் புரியவில்லை. 'சொட்டு', 'திரிதல்' என்று வந்த இடங்களில் மட்டும் ராய்கான் அவளுக்கு விளக்கினாள், கையில் தட்டு இருப்பதுபோல அசைத்துக் காட்டி.

ஞாயிற்றுக்கிழமை குபாத் கூப்பிட்டான். "என்ன, வர்றியா?"

"அக்டோபர்ல வர்றேன், மந்தை எறங்குறப்ப. மாட்டப் பாக்க."

"என்னப் பாக்க இல்லையா?"

"உனக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாத்துடுறேன், திரியுறியான்னு."

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டு, கட்டுரையில் விட்ட வரி எதுவென்று தேடினாள்.