எர்த் கிடைக்காத ட்ரைலர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒயரிங் பழகும் தம்பிகள் ட்ரைலர் லைட் பற்றிக் கேட்கிறார்கள். எதிரில் நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

1. வந்த வேலை

திருப்பாலைவனத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. கோட்டைக்குப்பம் தேசிங்கு ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். காலையில் மீன்காரப் பெண்களைப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார், மற்ற நேரம் உப்புத்தண்ணீர் ஏரியில் மீன்பிடித் தொழில். அவருடைய படகு பிளந்துபோனதால் எளாவூர்ப் பக்கம் ஒருவரிடம் பழைய ஃபைபர் படகு பேசி முடித்திருந்தார். கோடையில் அந்தப் பக்கம் ஏரி வற்றிக் கிடந்தது. தண்ணீரில் கொண்டுவர வழியில்லை. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி வைத்து, ஒரு ட்ரைலரும் வெல்டிங் செய்துகொண்டு, லைட் கனெக்‌ஷன் கொடுக்க என்னிடம் வந்தார்.

ஜீப்பின் டெயில் லைட் ஒயரிலிருந்தே ட்ரைலருக்கும் இழுத்தால் லோடு தாங்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி லைன் இழுத்து, ரிலே வைத்து, கொக்கிக்குப் பக்கத்தில் ஏழு பின் சாக்கெட் மாட்டினேன். எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு, எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ட்ரைலரின் இரும்பைச் சுரண்டி, பிளக்கிலிருந்து வரும் எர்த் ஒயரை அங்கே போல்ட் போட்டு முடுக்கினேன். லைட் பிராக்கெட் உட்காரும் இடத்தையும் சுரண்டிவிட்டேன். பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங் எல்லாம் சுத்தமாக எரிந்தன. கொண்டுபோனார்.

2. திரும்பி வந்தது

சில நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஜீப் காலி ட்ரைலரோடு கடை முன்னால் நின்றது. தேசிங்கும் அவர் மனைவி கனகாவும் இறங்கினார்கள். எளாவூருக்குப் படகு எடுக்கக் கிளம்பியவர்கள். பின்னால் வந்த பஸ் டிரைவர் முந்திப் போகும்போது, பிரேக் லைட்டே இல்லையே என்று சத்தம் போட்டாராம்.

மறுநாள் காலை தேசிங்குக்குப் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. அவருக்கு விழுந்திருந்தது முகத்துவாரத்துக்குப் பக்கம், இறால் வரும் நல்ல இடம். அன்றைக்குப் படகு இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி சுற்றி வர வெகு நாளாகும். கடன் கேட்டு வாங்கவும் சும்மா நிற்கும் படகு அந்தச் சமயத்தில் ஊரில் கிடையாது.

பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். பிரேக் லைட் எரியவில்லை. அதற்குப் பதிலாக இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. அதைப் பார்த்ததுமே எர்த் என்று தெரிந்துவிடும். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து போகிறது.

தேசிங்கு அவசரப்பட்டார். "வுடுண்ணா, ஒரு தபா போய்ட்டு வந்துர்றேன். வர்ற வழியில எவன் பாக்கப் போறான்?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. ட்ரைலரைக் கொக்கியோடு பூட்டும் பின்னை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ட்ரைலருக்கு அடியில் படுத்தேன்.

"அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு, பின்னை மட்டும் பாக்கெட்ல போட்டுக்குவாரு," என்றார் தேசிங்கு. "இன்னாண்ணா, பாடு போச்சுன்னா உன் கடையிலயா வலை போடறது?"

அடியிலிருந்தே சொன்னேன். "படகு வெளிய நீட்டிக்கினு இருக்கும். பின்னாடி லாரி வரும். நீ பிரேக் புடிக்கறது அவனுக்குத் தெரியணும்ல."

எர்த் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று நீலப் பெயிண்ட். பிராக்கெட்டைக் கழற்றினால் அங்கேயும் அதே, கரண்ட் இரும்பைத் தொடவே வழி இல்லை. யார் அடித்தது என்று கேட்டேன்.

கனகா தயங்காமல் சொன்னார். "நான்தாண்ணா, கழட்டி அடிச்சிட்டுத் திரும்ப மாட்டுனேன். நீங்க சொரண்டி வுட்ட எடம் பல்லைக் காட்டிக்கினு கெடந்துச்சு. உப்பு அங்கதான் மொதல்ல கை வைக்கும். போட்ல ஒரு போல்ட்டு அடியக்கூட நாங்க அப்படி வுட மாட்டோம்."

"லைட்டு எரியாத காரணத்த ரோடெல்லாம் தேடறோம், அது வூட்லயே கீது," என்றார் தேசிங்கு.

"டப்பாவ வாங்கியாந்தது யாரு?" என்று கேட்டார் கனகா.

மறுபடி சுரண்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அரத்தைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் இந்த ட்ரைலர் படகை இறக்க ஏரித் தண்ணீருக்குள்ளேயே போகப்போகிறது. சுரண்டிய இடம் துருப்பிடிக்கும். இல்லாவிட்டால் கனகா மறுபடி பெயிண்ட் அடிப்பார். அவர் அடிப்பதுதான் சரி. இரும்பை எர்த்தாக நம்பிய என் வேலைதான் இந்த உப்புக்காற்றுக்கு ஆகாதது. அரத்தை வைத்துவிட்டு, ஒவ்வொரு லைட்டிலிருந்தும் தனியாக எர்த் ஒயர் இழுத்துப் பிளக்கின் எர்த் பின்னிலேயே சேர்த்தேன். கறுப்பு ஒயர் போதாமல் பச்சையும் சேர்த்தேன். கனகா ஒயரைச் சட்டத்தோடு சேர்த்து வலை நூலால் கட்டிக்கொண்டே வந்தார். அவர் போட்ட முடிச்சு என் டேப்பை விட நன்றாக நின்றது. வெயில் சாய்ந்த பிறகுதான் பின்னைத் திருப்பிக் கொடுத்தேன்.

3. எளாவூரிலிருந்து

யாரும் கூப்பிடவில்லை, நானும் ஏறிக்கொண்டேன். கடையில் எரிந்தது ரோட்டில் எரியுமா என்ற பயம்.

எளாவூரில் படகை ஏற்றிக் கட்டித் திரும்பும்போது இருட்டிவிட்டது. பின் சீட்டிலிருந்து பார்த்தால் படகின் மூக்குதான் தெரிந்தது, லைட்டைப் படகு மறைத்துவிட்டது. ஒரு லாரி வெகுதூரம் பின்னாலேயே வந்தது. அதன் ஹெட்லைட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தேசிங்கு வேகம் குறைத்தபோதெல்லாம் அது பின்வாங்கியது. பொன்னேரி வருமுன் ரோட்டில் எருமைகள் இறங்கின. தேசிங்கு பிரேக்கை அழுத்தி மிதித்தார். லாரி டயர் தேயும் சத்தம் கேட்டது. வெளிச்சம் படகுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது.

முன்னால் அவர்கள் இருவரும் வலையில் எத்தனை கண் அறுந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நிற்கவே இல்லை.

விடியும்போது தேசிங்கின் வலை அவருடைய இடத்தில் இறங்கியிருந்தது. பஸ்ஸில் வந்த மீன்காரப் பெண்கள் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் கனகா கடைக்கு வந்து, இனிமேல் எங்கே வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன். "இத அன்னிக்கே நான் கேட்டுருக்கலாம், நீங்களும் சொல்லியிருக்கலாம்," என்றார்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏரிக்கரை வண்டிக்கு எர்த் ஒயரைத் தனியாக இழுங்கள். வேலை முடிந்ததும் வண்டிக்காரரையும் அவர் வீட்டாரையும் கூப்பிட்டு, எதை எதற்காகச் செய்தோம் என்று காட்டுங்கள். எனக்கு அப்படிப் பேச இன்னும் கூச்சம்தான். கீழே பார்த்துக்கொண்டாவது சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடித்தது: பங்குனி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.