சாட்சி கேட்டு வந்தவன்

"எனக்கு ஒரு சாட்சி வேணும்" என்று என் தம்பி சொன்னபோது மேசை நடுவில் ஆட்டுக்கறிப் பிரட்டலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் என் மாமனார், எதிரே என் கணவர். ஞாயிறு ஆராதனை முடிந்து கிள்ளானில் எங்கள் வீட்டில் நடக்கும் சாப்பாடு. சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திவிட்ட தம்பி, அன்றைக்கு அதிசயமாகச் சாப்பிட வந்திருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னான். அவன் வாயை மூடுவதற்குள் இவர்கள் இரண்டு பேரும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்துவிட்டார்கள். இனி ரசம் ஆறித்தான் போகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் மாமனார் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபையில் பிரசங்கமும் செய்வார். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்று தலை நரைத்த மனுஷன் என்பதால், விசுவாசமும் அவருக்கு ஒரு வழக்குதான். இந்த உலகம் தானாக வந்திருக்காது, எதற்கும் ஒரு காரணம் வேண்டும் என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து படிப்படியாக ஏறிக் கடவுளிடம் போய்ச் சேர்ந்து, கடைசியில் உயிர்த்தெழுந்தவரின் காலிக் கல்லறையைப் பார்த்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நம்பாதவனுக்கும் புத்தி இருக்கிறது, அந்தப் புத்தியோடு பேசு என்பது அவர் கட்சி.

என் கணவருக்கு இது ஆகவே ஆகாது. கோமுட்டர் ரயிலில் வேலைக்குப் போகவர, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்ட வேத பாடங்களின் விளைவு. கடவுளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க மனுஷன் யார் என்பார். நீ யோசிப்பதற்கே கடவுள் இருந்தாக வேண்டும். அதை ஒத்துக்கொள்ளாதவனிடம் எத்தனை ஆதாரம் கொட்டினாலும் அவன் தனக்குத் தோதாகத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வான். முதலில் அவன் எந்த அடிப்படையில் நிற்கிறான் என்று கேள் என்பார். இதற்கு அவர் வைத்திருந்த சொல் 'முற்கோள்'. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். அப்பாவும் மகனும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தான், பாடுவதும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான். ஆனால் அந்தக் கடவுளை அடுத்தவனுக்கு எப்படிச் சொல்வது என்பதில் வீடு இரண்டாகிவிடும்.

சர்ச்சை விட்டுப் போன பையன் கடவுள் உண்டென்பதற்குச் சாட்சி கேட்கிறான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். மாமனார் காரணம், காரியம் என்று தொடங்கினார். "அப்பா, நீங்க அவன ஜட்ஜா உக்கார வைக்கிறீங்க" என்று என் கணவர் குறுக்கே விழுந்தார். "நீ அவனப் பேசவே விட மாட்டேங்கிற லா" என்றார் மாமனார், தானும் விடாமலேயே. தம்பி இரண்டு முறை வாயைத் திறந்தான். அப்புறம் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

வாசலில் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான். "அக்கா, என் கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் ஆள் கேட்டேன்." பெண் இந்து. அவள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்களுக்கோ அப்பா அம்மா இல்லை. "நீ ஒருத்தி இருக்க. இன்னொருத்தர் வேணும். கூட்டாளிங்களக் கூப்ட்டா வருவானுங்க. ஆனா நம்ம வீட்டு ஆம்பள ஒருத்தர் வந்து நின்னா அவளுக்கு மனசு ஆறும்கா."

உள்ளே போய் இரண்டு பேரையும் பிடித்துக் கத்தினேன். ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் இருந்தவருக்குச் சாட்சி என்றால் ஓர் ஆள் என்று தோன்றவில்லையே! சொன்ன பிறகாவது அடங்கினார்களா? விசுவாசம் இல்லாத கல்யாணத்தில் கையெழுத்துப் போட்டால் அதன் அடிப்படையையே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றார் கணவர். சாட்சிக்காரனுக்குக் கண்ணால் பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் வேலை என்றார் மாமனார். அப்படியென்றால் நீங்களே வந்து போடுங்கள் மாமா என்றேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வந்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். கார் ஓட்டியது என் கணவர். ஷா ஆலம் பதிவு அலுவலக வாசலில் என்னை இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு வருவதாக அப்பாவும் மகனும் போனார்கள். மேலே தம்பியும் அந்தப் பெண்ணும் காத்திருந்தார்கள். அவள் தலையில் பூவை அவளே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் நம்பர் வரப்போகிறது, இவர்களைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. கீழே ஓடினேன். காரின் இரண்டு கதவும் திறந்து கிடக்க, வெயிலில் நின்று விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம்மா, இத முடிச்சிட்டு வரேன்" என்றார் மாமனார்.

நான் மூச்சிரைக்க மேலே வந்தபோது அறைக்குள் எனக்காகக் காத்திருந்தார்கள். மணப்பெண் பக்கத்தில் ஒரு சீன ஆன்டி நின்று, கலைந்த பூவைச் சரி செய்துகொண்டிருந்தார். அடுத்த நம்பருக்குக் காத்திருந்த வேறொரு மாப்பிள்ளையின் அம்மா. தம்பிதான் எழுந்து போய் அவரைக் கேட்டிருக்கிறான். நான் ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மாமனார் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "பரவால்ல மாமா" என்றான் தம்பி. அப்புறம் எங்கள் வீட்டுக்கு அவன் வரவே இல்லை.

மாமனார் இப்போது இல்லை. கணவர் போனோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். தம்பி கிறிஸ்துமஸுக்கு வருவதில்லை. ஆனால் சீனப் புத்தாண்டு வந்தால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, மனைவி மகளோடு காஜாங்கில் அந்த ஆன்டி வீட்டுக்குப் போகிறான். இந்த வருடம் நானும் கூடப் போனேன். முன்பின் தெரியாதவனுக்கு அன்றைக்கு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று மலாய் மொழியில் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கேட்டான், போட்டேன் லா" என்று சொல்லிவிட்டு, என் கையில் பலகாரத் தட்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதைக் கணவரிடம் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி, உதவி செய்யணும்னு அவங்களுக்குத் தோணுறதுக்கு அடிப்படை எது? அத நீ கேட்டிருக்கணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. தம்பி மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். இந்த மனுஷன் அவளை இன்னும் பார்த்ததில்லை.